காபியில் நனைக்காத ரொஸ்கீயா

பிப்ரவரி 18, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ரொஸ்கீயா என்ற எங்கள் ஊர்க் கெட்டி பிஸ்கட்டைக் காபியில் ஊறவைத்துத்தான் கடிக்க வேண்டும் என்று பல் டாக்டரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

கனடாவிலிருந்து வந்திருக்கும் மருத்துவக் குழுவுக்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று காலைச் சாப்பாடு. தினமும் ஆள் மாறும். இன்று எங்களுக்கு வாய்த்தவர் பல் டாக்டர் ஹால்வர்சன். மாலை வகுப்பில் ஆங்கிலம் படிப்பதால் அவருக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

அம்மா சோள ரொஸ்கீயாத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். காபி வருவதற்குள், மரியாதைக்காக ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்தச் சத்தத்தில் மூலையில் அடைகாத்த கோழி எழுந்து ஓடியது.

உடைந்தது ரொஸ்கீயா இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார், கண்ணில் நீரோடு.

எனக்கு அவர் பல்லைவிட அம்மாவின் பல்தான் கவலை. கடைவாயில் சொத்தை, பல மாதமாகச் சரியான தூக்கமில்லை. டாக்டர் வருவதோ வருஷத்துக்கு ஒரு தடவை. போன வருஷம் நாற்காலிவரை வந்து ஓடிப்போனவள், இந்த வருஷம்தான் "பார்க்கலாம்" என்று இறங்கி வந்திருந்தாள்.

மருத்துவ முகாம் நடக்கும் பள்ளிக்கூட வாசலில் நீண்ட வரிசை. "யார்கிட்டயும் சொல்லாதே, டெல்மி," என்றார் டாக்டர். முதல் ஆளாகப் பெரியவர் தொன் மகாரியோ வந்து உட்கார்ந்தார். டாக்டர் ஒரு வாய் குளிர்ந்த நீர் குடித்தார். அலறல் தேவாலயம்வரை கேட்டது.

"உள்ள யாரு?" என்றது வரிசை.

"மகாரியோ."

"மாடு முட்டினப்போகூட அவன் கத்தலையே."

பாதி வரிசை கலைந்தது. நான் வெளியே ஓடி, "கத்தினது மகாரியோ மாமா இல்ல, டாக்டர்தான்," என்று உண்மையைச் சொன்னேன். மீதிப் பாதியும் கலைந்தது.

"டாக்டரே கத்துறாரா? அப்ப நம்ம கதி?"

அம்மா ஏற்கெனவே சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

வலிக்காது என்று ஊருக்குத் தெரிய, எல்லார் முன்னாலும் டாக்டரின் உடைந்த பல்லைப் பிடுங்கிக் காட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"யாரு பிடுங்குறது?" என்றார் டாக்டர்.

அதே குழுவில் வந்த கண் டாக்டர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். மிஞ்சியது, எங்கள் கழுதைகளைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர் இங்ரிட்.

"கழுதைக்குப் பிடுங்கியிருக்கேன்," என்றாள் அவள், கையை உதறிக்கொண்டே. "அது இவ்வளவு கேள்வி கேக்காது."

டாக்டர் கைக்கண்ணாடியைப் பார்த்துத் தானே மரப்பு ஊசி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். செய்தி பரவி, ஜன்னல் நிறையத் தலைகள். நடுவில் அம்மாவின் தலையும்.

"எனக்கு எல்லாம் புகை மாதிரி தெரியுதுடி. கத்துறானா?"

"இல்லம்மா."

"உதைக்கிறானா?"

"ஒரு காலாலதான்."

இங்ரிட் பல்லை உயர்த்திக் காட்டினாள். ஊரே கை தட்டியது. வரிசை மறுபடி சேர்ந்தது. ஆனால் இங்ரிட்டின் முன்னால். அவர்களைப் பல் டாக்டரிடம் திருப்பிவிடுவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா மட்டும் வரிசையில் சேராமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவளிடம் போய், "எல்லாம் என் தப்புதாம்மா," என்றேன். "ஊறவெச்சுக் கடிங்கன்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன்னைக் கிள்ளியிருப்பேன்," என்றாள் அம்மா. "அது கிறிஸ்துமஸுக்குச் சுட்டது. அவனுக்குன்னே தனியா எடுத்து வெச்சேன். காபியையும் வேணும்னுதான் இறக்கல."

நான் தட்டில் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தேன்.

"அந்த நாற்காலியில ஒரு தடவையாவது தானே உக்காந்து பாக்காதவனுக்கு நான் எதுக்குடி வாயைத் திறக்கணும்? பரவால்ல, நல்லாத்தான் உக்காந்தான். நாளைக்கு முதல் ஆளா நான் போறேன்."

பிறகு கண்ணைக் கசக்கிக்கொண்டு, "காலைல நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றது யாரு, கண் டாக்டரா?" என்று கேட்டாள்.

நாளை செய்ய வேண்டியது: விடிவதற்குள் மிளகாய்த்தூள் டப்பாவை ஒளித்துவைக்க வேண்டும்.