நட்சத்திரக் கருவிக்கு நான் போட்ட கருப்பு

2023 ஜூலை 21, வெள்ளிக்கிழமை, காலை 11.10 மணி. ஆடிக் காற்று, மேகம் உண்டு, மழை இல்லை. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில், இருபத்தேழு பேர் முன்னிலையில் என் மானம் போனது. போனதை ஒப்புக்கொள்கிறேன். தப்பு என்னுடையது என்பதை மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தப் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் ஷேடு, அதாவது சாயம் சரியான நிறத்தில் ஏறியிருக்கிறதா என்று, பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் மாப்பிள்ளை பெங்களூரில் பொறியாளர். ஒரு ராட்சதத் தொலைநோக்கிக்காக அவர் குழு ஸ்பெக்ட்ரோகிராஃப் செய்துகொண்டிருந்தது. நட்சத்திர ஒளியை மிக மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் படிக்கும் கருவி. (எத்தனை கீற்று என்று கேட்டேன். சிரித்தார். எண்ணவில்லை போலிருக்கிறது.) வெளி வெளிச்சம் துளி நுழைந்தாலும் கணக்குக் கெடும். அதைச் சுற்றி மறைக்க வெளிநாட்டுப் பூச்சுத் துணி வாங்க இருந்தார்கள்.

"திருப்பூர்ல பொண்ணு எடுத்துட்டு வெளிநாட்டுத் துணிங்களா மாப்ள?" என்றேன்.

"இது வேற மாதிரிங்க மாமா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் இந்தக் கருவி பார்க்கும்."

"கண்ணுக்கே தெரியலீன்னா அது என்னங்க வெளிச்சம்?"

கருப்புத் துணியை நானே சாயம் போட்டுத் தருகிறேன் என்றேன். மாமனார் பேச்சைத் தட்ட முடியாமல் ஆர்டரை நிறுத்திவைத்தார். என் துணி தோற்றால், கருவியைச் சோதிக்க அவருக்கு ஒதுக்கிய வாரம் கைவிட்டுப் போகும். அடுத்த வாய்ப்பு எட்டு மாதம் கழித்து.

நாற்பத்தாறு மீட்டர் பருத்தித் துணி. மூன்று முறை சாயம். எங்கள் வழக்கப்படி விளக்குப் பெட்டிக்குள் வைத்து நான்கு விளக்கிலும் பார்த்தேன்: பகல் வெளிச்சம், டியூப் லைட், கடை விளக்கு, புற ஊதா. நான்கிலும் அமாவாசை. 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மாப்பிள்ளை தன் குழுவின் தலைமை விஞ்ஞானியான ஒரு அம்மாவோடும் ஒரு கேமராவோடும் வந்தார். பட்டறையில் இருந்த எல்லோரையும் நான் கூட்டிவிட்டேன். சரக்கறை வாசலில் துணியை மூன்று மடிப்பாகத் தொங்கவிட்டு, உள்ளே இருநூறு வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டு, நானும் உள்ளே போய் நின்றேன். (யாரும் போகச் சொல்லவில்லை.)

"ஏதாச்சும் தெரியுதுங்களா?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமே தெரியலீங்க!"

பல்புச் சூட்டில் வேர்த்துக் கொட்டியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று வேட்டியை அவிழ்த்து இரண்டு முறை உதறினேன். கொஞ்ச நேரம் விசிறிக்கொண்டேன். பிறகு நிதானமாகக் கட்டினேன். வெளியே திடீரென்று ஒரு சிரிப்பு; பிறகு இருபத்தைந்து. 

ஓடிவந்து பார்த்தால், மாப்பிள்ளை கொண்டுவந்த அகச்சிவப்புக் கேமராவின் திரையில் என் கருப்புத் துணி வெளுத்த பனியன் போலப் பளபளத்தது. அதில் என் நிழல் ஆடிய ஆட்டத்தை எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள்.

"சாயம் கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தத்தான் நிறுத்துதுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்தபடி. "அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறத அப்பிடியே விட்டுருதுங்க."

"எந்த நட்சத்திரமுங்க என்ற வேட்டியப் பார்க்க வருது?" என்றேன். விஞ்ஞானி அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே அந்தப் பூச்சுத் துணிக்கு நான் பணம் கட்டினேன். விமானத்தில் ஒன்பதாம் நாள் வந்தது. சோதனை வாரத்துக்கு இரண்டு நாள் பாக்கி இருந்தது.

என் துணியில் ஒரு மீட்டரை அவர்கள் ஆய்வகத்தில் மாட்டி, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்களாம். காட்டட்டும். வீட்டில் நான் வேட்டி மாற்றக் கதவைச் சாத்தினால், "கதவு பத்தாதுங்க, பூச்சுத் துணி போடுங்க" என்கிறாள் என் மனைவி. சொல்லட்டும். நான்கு விளக்கில் பாஸான கருப்பு அது.

பூச்சுத் துணி, விமானக் கூலி, பருத்தித் துணி, இருபத்தேழு டீ, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன நஷ்டம் 61,350 ரூபாய். சாயத்தின் விலையை நஷ்டத்தில் சேர்க்கவில்லை. சேர்க்கவும் மாட்டேன்.