மெத்தைக் கடைக்காரர் ஓடிய ஓட்டம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே கொட்டிப்போகட்டும்.

காவலர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் மைதானத்தில், மனைவியின் செஸ்ட் நம்பரைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு நின்றார் மெத்தைக் கடைக்காரர். கழிப்பறை வரிசைக்குப் போகும்போது, "பத்திரமா வச்சிருங்க, இது இல்லைன்னா உள்ளேயே விடமாட்டாங்க" என்று அந்த எண் துணியை அவள் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கையில் வைத்தால் தொலைப்பார். பையில் வைத்தால் மறப்பார். நெஞ்சில் குத்திக்கொண்டால் எங்கே போகும்?

மனைவிக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த தேர்வு வருவதற்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதற்காகவே கடை மெத்தைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிப் பழகியிருந்தாள். அவர் பழகியது வேறு. வாங்க வருகிறவர்களுக்கு மெத்தையில் படுத்துக் காட்டுவார். சில நாள் அவரை எழுப்பித்தான் விலை கேட்க வேண்டியிருக்கும்.

ஆண்கள் ஓட்டம் தொடங்கவிருந்தது. நம்பரைக் குத்திக்கொண்டு இங்கே என்ன வேடிக்கை என்று விசில் வைத்திருந்த அதிகாரி பிடித்துக்கொண்டார்.

"சார், இது என் வீட்டுக்காரம்மாவோடது."

"அப்ப அவங்க சட்டையையா போட்டுக்கிட்டு வந்திருக்கே?"

எதிர்த்துப் பேசியதற்குப் பத்துத் தண்டால். இரண்டுக்கு மேல் அவர் எழவில்லை. படுத்ததும் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. எழுப்பி நிறுத்தியபோது மறுபடி விளக்க வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி, வரிசைக்கு வராத நம்பரும் பாதியில் நிற்கிற நம்பரும் தேர்விலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்துவிட்டார்.

மனைவியின் நம்பராயிற்றே. ஓடினார்.

அவர் முதல் சுற்றை முடித்துக் கோட்டுக்கு வந்தபோது மற்ற ஆண்கள் எல்லாச் சுற்றும் முடித்து, தண்ணீர் குடித்து, தலை வாரிக்கொண்டிருந்தார்கள். கோட்டில் பெண்கள் வந்து நின்றிருந்தார்கள். அப்போதுதான் மனைவி கழிப்பறையிலிருந்து திரும்பினாள்.

"ஏங்க, நில்லுங்க."

நின்றால் நம்பர் போய்விடும். அவர் நிற்கவில்லை. அவள் ஓடுபாதை ஓரத்துக் கயிற்றைத் தாண்டிக் குதித்துத் துரத்தினாள். ஒருத்தி ஓடுவதைக் கண்ட மற்ற பெண்கள் விசில் அடித்தாகிவிட்டது போலிருக்கிறது என்று மொத்தமாகக் கிளம்பினார்கள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்த பெண் காவலரும் அதை அழுத்திவிட்டார்.

அவர் திரும்பிப் பார்த்தார். மனைவியின் முகம் தெரிந்தது. அந்த மைதானத்தில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி ஓடியதில்லை. அவர் கிளப்பிய காற்றில் அதிகாரியின் தொப்பி பறந்தது. அடுத்த சுற்றில் அதே காற்று அதைத் தலையில் கொண்டுவந்து வைத்தது.

"ஓடிக்கிட்டே கழட்டிக் குடுங்களேன்."

"ஊக்கு வளைஞ்சுபோச்சு. வர மாட்டேங்குது."

"நான் வந்தா எல்லாம் வரும்."

முடிவுக் கோட்டுக்கு ஓர் அடி இருக்கையில் அவள் எட்டிப் பிடித்தாள். நம்பரும் சட்டைப் பையும் அவள் கையோடு வர, கோட்டைத் தாண்டினாள். பின்னாலேயே அவர் கோட்டின்மேல் விழுந்தார்.

விழுந்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தப்பு முழுக்கத் தன்னுடையது, அவளுக்கு இனி வேறு வாய்ப்பில்லை, வேண்டுமானால் தன்னை உள்ளே போடுங்கள் என்றார். அதிகாரி பட்டியலில் அந்த நம்பரை அடிக்கப் பேனாவைத் திறந்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண் காவலர் ஸ்டாப்வாட்சிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கோட்டைத் தாண்டும்போது நம்பர் இந்தம்மா கையிலதான் சார் இருந்துச்சு. பெண்கள் ஓட்டத்துல முதல் இடம் இவங்க. நம்பர் இல்லாம ரெண்டாவதா வந்தது இவர்தான், இவரை நீக்கிடலாம்."

நீக்கினார்கள். மெத்தைக் கடைக்காரர் தரையில் படுத்தபடியே கைதட்டினார்.

இவ்வளவையும் ஒன்று விடாமல் எனக்குச் சொன்னவர் அவரேதான். அவருக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.