தாம்பூலப் பையில் என் நாவல்

மோகனூர்

அன்புள்ள தீனதயாளன் அண்ணனுக்கு,

தங்கை கயல்விழி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பள்ளிபாளையத்தில் புது வீட்டுக்குப் பெயின்ட் வேலை முடிந்து, நீங்களும் அண்ணியும் ஒருவரோடொருவர் பேசும் நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புதுமனை புகுவிழாவில் கௌசிக் மேடையேறித் தன் பாட்டைப் பாடுவான், வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் தேங்காயோடு என் நாவலையும் போட்டுவிடலாம் என்று போனில் சொன்னீர்கள். "சும்மாதான கெடக்குது கயலு" என்றும் சொன்னீர்கள். அந்த யோசனை வேண்டாம். உங்கள் மகன் பாட்டைத் தானே எழுதி, தானே பாடி, தன் செலவில் யூடியூபில் போட்டான். நானும் நாவலை நானே எழுதி, என் செலவில் அச்சிட்டேன். இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஊருக்குத் தெரிகிறது. குமாரசாமி சித்தப்பா தன் லாரிகளில் எல்லாம் அவன் பாட்டை ஓடவிட்டு, எந்தக் கம்பெனி தயவும் இல்லாமல் பையன் சொந்தமாகச் செய்தது என்று டீக்கடையில் பெருமை பேசுகிறார். அதே சித்தப்பா என் நாவலை வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, "ஏஞ் சாமி, ஒருத்தருமே போட மாட்டேன்னுட்டாங்களா?" என்று நோய் விசாரிக்கும் குரலில் கேட்டார். அதாவது பரவாயில்லை. எடப்பாடி ஆத்தாயி பெரியம்மாவுக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பினேன். நம் பக்கம் சொந்தச் செலவில் புத்தகம் அடித்துச் சும்மா கொடுப்பது யாராவது தவறினால், பதினாறாம் நாள் காரியத்துக்குத்தானே? பின்னட்டையில் என் போட்டோவைப் பார்த்தவர், என் வீட்டுக்காரரிடம் துக்கம் கேட்க அழுதுகொண்டே போன் செய்தார். எடுத்தது நான் என்று தெரிந்ததும் அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். பிறகு, "நல்லாத்தான இருக்கற? அப்பறம் எதுக்குப் புஸ்தகம் அடிச்ச?" என்றார். இப்போது அது அவர் வீட்டுச் சாமி அலமாரியில் விபூதிப் பொட்டோடு இருக்கிறது. திறக்கப்படவில்லை.

அண்ணா, எனக்குப் பாராட்டு வேண்டாம். யாராவது ஒருவர் அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். பையில் போட்டால் தேங்காய் சட்னியாகும், நாவல் பரணுக்குப் போகும். மீறிப் போட்டால் நான் விழாவுக்கு வர மாட்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. புது வீட்டில் பால் வழியப் பொங்கட்டும், மோட்டார் ரிப்பேராகாமல் ஓடட்டும்.

தங்கை,
கயல்விழி

பி.கு.: உறையை ஒட்டும்போது கௌசிக் போன் செய்தான். நாவலைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டானாம். "நல்லாருக்குங்கத்தை. நடுவுலதான் கொஞ்சம் இழுக்குது. அந்தக் கல்யாணத்தத் தூக்கிட்டீங்கன்னா சிக்குனு இருக்கும்" என்றான். எந்தக் கம்பெனியும் எடுக்காத பாட்டைத் தானே போட்டுக்கொண்டவன், எனக்கு நாவல் எழுதச் சொல்லித் தருகிறான். காது சுடும் வரை சண்டை போட்டோம். இவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகு நாளாகிறது. பைகளில் நாவலைப் போடுங்கள். பால் காய்ச்சுவதற்கு முன்பே வந்துவிடுகிறேன்.