அப்பாவின் அளவு

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த மரியஜோசப், பாதித் தூக்கத்தில் லேசாகக் கண்ணைத் திறந்தபோது, மகள் ஜெனிஷா அவரை அளந்துகொண்டிருந்தாள். டேப்பின் ஒரு முனை அவருடைய உச்சந்தலையில் இருந்தது. மறுமுனையை மனைவி மார்த்தாள் காலடியில் பிடித்திருந்தாள். அடுத்து தோளுக்குத் தோள். அதற்கடுத்து முழங்கையிலிருந்து பாதம்.

"மெதுவாடி. முழிச்சுக்கப் போறாரு" என்றாள் மார்த்தாள்.

மரியஜோசப் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். சட்டை தைக்க யாரும் பாதம் வரை அளப்பதில்லை. படுத்திருக்கும் மனிதனை அளந்து செய்கிற பொருள் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான். அதற்கு மூடியும் உண்டு. முழங்கையை எதற்கு அளந்தார்கள் என்பது மட்டும் புரியவில்லை. கையை மார்பில் மடித்து வைக்க இடம் பார்க்கிறார்கள் போலும்.

ஜெனிஷா பெங்களூரில் டிசைன் படித்துவிட்டு வந்து ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறாள். அது என்ன படிப்பு என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர் மாதிரி" என்று சொல்லிச் சமாளித்து வந்தார் மரியஜோசப். வந்த நாளிலிருந்து அவள் குவார்ட்டர்ஸில் எதையும் விட்டுவைக்கவில்லை. சமையலறைக்கு ஏன் ஒரே ஒரு சின்ன ஜன்னல், மேடை ஏன் இவ்வளவு உயரம், அம்மா ஏன் பலகை போட்டு ஏறி நின்று தோசை சுட வேண்டும் என்று ஒரே கேள்விகள்.

"இத வரைஞ்சவரு ஒரு நாள்கூட சமைச்சிருக்க மாட்டாருப்பா. ஹால்ல நல்ல வெளிச்சத்துல உக்காந்து பேப்பர் படிச்ச ஆளு. தனக்கு வேண்டியத மட்டும் பாத்துப் பாத்து வெச்சிருக்காரு."

அப்போது ஹாலில், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மரியஜோசப்புக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் அவருக்கு ரிட்டையர்மென்ட். குடியேறுவதற்குத் திருவதிகையில் சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதில் காலை நீட்டி உட்காரும் முன்பே பெட்டிக்கு அளவெடுக்கிறார்கள் என்றால், உடம்பில் ஏதோ இருக்கிறது. தன்னிடம் மறைக்கிறார்கள்.

கூட வேலை பார்க்கும் கண்ணையனிடம் சொன்னார். தைரியம் சொல்வான் என்று பார்த்தால், அவன் முகம் மாறிவிட்டது.

"மறைச்சிக்கினு இருக்காங்கன்னா பெருசாதான் இருக்கும். டெஸ்ட் எடுத்துப் பாரு" என்றான்.

டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, நூறு வயது இருப்பீர்கள் என்று சிரித்தார். டாக்டரிடமும் பேசி வைத்துவிட்டார்கள் என்பது அந்தச் சிரிப்பிலேயே மரியஜோசப்புக்கு விளங்கிவிட்டது.

பயத்தில் கோயிலுக்கு ஓடினார். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலையைக் காட்டுகிற மனிதர் நடுவாரத்தில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்ததில் பங்குச் சாமியாருக்கே சந்தேகம் வந்தது. வீட்டில் மனைவியை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். குடிக்கிற தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்கு அவள்தான் கொண்டுவர வேண்டும் என்று மரியஜோசப் ஒப்புக்கொண்டார். அப்படியானால் மன்னிப்பை அவளிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார் சாமியார்.

அன்று மாலை, பலகைமேல் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த மார்த்தாளிடம் போய் நின்றார். அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

"இத்தன வருஷம் உன்ன அடுப்படியிலயே நிக்க வெச்சிட்டேன் மார்த்தா. இருக்கிற காலத்துல இனி நான் பாத்துக்கறேன். நீ உக்காரு."

மார்த்தாள் மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். ஜெனிஷா போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். அந்த ஒரே சின்ன ஜன்னல் வழியாக அவள் பேசியது கேட்டது.

"அய்யனார் அண்ணே, அப்பாவே ஒத்துக்கிட்டாரு. இனிமே தள்ளிப்போட வேணாம். நான் அனுப்புன அளவுதான். கல்லு கறுப்புல, பாலிஷ் போட்டது."

மரியஜோசப் அளவையும் கல்லையும் சேர்த்துப் பார்த்தார். பெட்டியோடு நிற்கவில்லை, கல்லறைக் கல் வரை போய்விட்டார்கள். இனிப் பெயரும் தேதியும் வெட்ட வேண்டியதுதான் பாக்கி. அந்தத் தேதி தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

அய்யனார் என்பவர் திருவதிகை வீட்டைக் கட்டும் கொத்தனார். பெற்ற மகளிடம் கேட்கத் தைரியம் வராமல், மறுநாள் காலை பஸ் ஏறி நேராக அவரிடம் போனார் மரியஜோசப்.

புது வீட்டு வாசலில் ஆளுயரக் கறுப்புக் கல் ஒன்று சாத்தி வைத்திருந்தது. அதன் பளபளப்பில் அவருடைய முகம் தெரிந்தது. அய்யனார் டேப்போடு உள்ளேயிருந்து வந்தார்.

"மறைக்காம சொல்லுங்க அய்யனார். இந்தக் கல்லு எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தாங்க சார், செத்த வந்து அடுப்பாண்ட நில்லுங்க, சமைக்கப் போறவரு ஒசரத்துக்குத்தான் மேட இருக்கணும்னு பாப்பா கண்டிஷனா சொல்லிக்கினு இருக்குது, அம்மா பேப்பர் படிக்க ஹால்ல பெருசா ஜன்னல் வெச்சி முடிச்சாச்சு."