பச்சைத் தார்ப்பாய்

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு நம்ம ஊருக்கு மேல போகுதுப்பா. முதல் படமே நம்ம ஊர்தான்" என்று மகள் ஃபோனில் சொன்னதும் பதிவாளரின் பார்வை மாடிப்படிக்குப் போனது.

பூமியைப் படம் பிடிக்க உள்நாட்டிலேயே செய்து அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. அதன் காமிராவைப் பொருத்தியவர்களில் மகளும் ஒருத்தி. அந்தப் பெருமையைத் தெருவில் வீடு வீடாகச் சொன்னவர், தம் மொட்டை மாடியில் அனுமதி வாங்காமல் கட்டிய அறையைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. முப்பது வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அடுத்தவர் பத்திரத்தில் குறை கண்டு திருப்பி அனுப்பியவர். மகள் எடுத்த படத்திலேயே அப்பாவின் அறை மாட்டிக்கொண்டால் குடும்ப மானம் என்ன ஆவது?

"ரூம் படத்துல தெரியுமா தெரியாதான்னு அவகிட்டயே கேட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"பெத்த பொண்ணுகிட்டப் போய், அப்பன் சட்டத்தை ஏமாத்தினான்னு சொல்லவா?"

பச்சைத் தார்ப்பாய் வாங்கி, அறையோடு மாடியையே மூடினார்.

மறுநாள் எதிர்வீட்டுக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். "என்ன சார் திடீர்னு?"

"வெயில்."

"பாப்பா ஏதாவது சொல்லிச்சா?"

பதிவாளர் தார்ப்பாயின் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார். சாயங்காலம் எதிர் மாடியும் பச்சையாகிவிட்டது.

பதிவாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு மாடி மட்டும் மூடியிருந்தால் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடுமே. வீடு வீடாக ஏறி இறங்கினார். "நாட்டோட முதல் படம். நம்ம தெரு ஒரே மாதிரி அழகா இருக்க வேணாமா?"

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒவ்வொருவர் மாடியிலும் மூடி வைக்க ஏதோ ஒன்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காற்று தார்ப்பாயைத் தூக்கியது. இஸ்திரி போட்ட சட்டையோடு பதிவாளர் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார். பத்தே முக்கால் வரை எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை வாசலில் நகராட்சி ஜீப் நின்றது. அளக்கும் டேப்போடு ஒரு பெண் இறங்கினாள்.

"படத்துல இந்தத் தெரு மட்டும் பச்சையா இருக்கு சார். ஆனா செடி கொடி இல்லைன்னு அதே படம் சொல்லுது. அதான் ஒவ்வொரு மாடியா ஏறிப் பார்க்கச் சொன்னாங்க."

பதிவாளர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எங்க மாடி ரூம்... படத்துல அவ்வளவு தெளிவா விழுந்திருக்காம்மா?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

"ஒத்த ரூமெல்லாம் அந்தக் காமிராவுக்குத் தெரியாது சார். தெருவையே மூடினதாலதான் தெரிஞ்சுது."