உளுந்து அடித்த இருநூறு குதிரைகள்

"…அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. நூறு வேகத்துக்கு எத்தினி செகண்டுல போவும்னா நான் கேட்டேன்? வண்டி எத்தினி டன்னு கீது, அதச் சொல்லுங்க."

என் மாமியார் சகுந்தலா இதைக் கேட்டபோது நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார். கையில் கவட்டைக் கம்பு. காலடியில், தார் ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பரப்பிய உளுந்துச் செடிகள். எதிரே நான். எனக்குப் பின்னால் பளபளவென்று ஒரு சிவப்பு எஸ்யூவி. அதன் பக்கத்தில், சென்னை ஷோரூமிலிருந்து அந்த வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக் கொண்டுவந்த தினேஷ், டை கட்டிய கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மைலேஜ் கேட்பார், பாதுகாப்பு கேட்பார், தவணை எத்தனை வருஷம் என்று கேட்பார் என்று இரண்டு நாள் உட்கார்ந்து பதில் தயாரித்திருந்தேன். எடையை யாராவது கேட்பார்கள் என்று தோன்றவே இல்லை. (எடை பார்த்து வண்டி வாங்குகிறவரை நான் பழைய இரும்புக் கடையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதைவிட வண்டியைப் பற்றிப் பேசத் தெரியும் என்பதே சரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். வீட்டிலிருந்து கம்பெனிக்கு எட்டு கிலோமீட்டர். நடுவில் பதினோரு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட், எப்போதும் ஏதாவது ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு முனை. இந்தப் பாதையில் என் ஸ்கூட்டர் தொட்ட அதிகபட்ச வேகம் நாற்பத்தைந்து. அதுவும் நாய் துரத்தியதால்.

அப்படிப்பட்ட எனக்கு இருநூறு குதிரைச் சக்தி உள்ள வண்டி வேண்டும் என்று தோன்றிவிட்டது. ராத்திரி பகலாக வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஓட்டிக் காட்டிவிட்டு, "கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று கேட்பார். தகும் என்று அவரே சொல்லிவிடுவார். நானும் ஆமாம் என்பேன். எங்கள் கேன்டீன் டீ மாஸ்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வேகமா போற வண்டி வாங்கறவன் மொதல்ல தூரமா ஒரு வேலை தேடிக்கணும் சார்" என்றார். அவர் சொல்வதை எல்லாம் நான் நோட்டில் எழுதி வைக்கிற வழக்கம். இதை மட்டும் எழுதவில்லை.

மனைவி கவிதா எதிர்க்கவில்லை. அதுதான் ஆபத்து என்று அப்போது தெரியவில்லை. "அம்மாகிட்ட காட்டுங்க. அம்மா சரின்னா எனக்கும் சரி" என்றாள். எங்கள் வீட்டில் கிரைண்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் அந்த அம்மா பார்த்துச் சரி என்றவைதான். (என்னையும் அவர்தான் பார்த்துச் சரி என்றார். அவர் செய்த ஒரே அவசர முடிவு என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வதுண்டு.)

ஆகவே ஷோரூமுக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்து வரச் சொன்னேன். என்ன தொழில் என்று கேட்டார்கள். "எளாவூர்ப் பக்கம் நிலபுலன் இருக்கு" என்றேன். பொய் இல்லை. நிலம் இருந்தது. என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததுதான் என் முதல் சாதனை.

எங்கள் பக்கத்தில் உளுந்து, பயறு எல்லாவற்றையும் செடியோடு பிடுங்கி வந்து ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் மேலே ஏறி இறங்கினால் காய் வெடித்து மணி உதிரும். செடியை உதறி எடுத்துவிட்டு மணியைக் கூட்டி அள்ளலாம். தொழிற்பேட்டை வந்த பிறகு இதற்கு நல்ல காலம். ஆள் ஏற்றப் போகும் கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாமியாரின் ஊர் வழியாகத்தான் போகும். மாமியாரைப் பொறுத்தவரை அவை பஸ்கள் அல்ல, கூலி கேட்காத வேலையாட்கள். டிரைவர்களை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. அது தெரிந்துதான் அவர் டிராக்டர்க்கார முனுசாமியிடம் சொல்லி வைத்திருந்தார். ஒன்றரை ஏக்கர் உளுந்தும் விடியற்காலையிலேயே ரோட்டுக்கு வந்துவிட்டது. முனுசாமி வரவில்லை. ஆந்திரா பக்கம் தடாவில் யாரோ கூடுதலாக டப்பு கொடுத்தார்கள் என்று அங்கே போய்விட்டார், மாமியாரின் தார்ப்பாயும் டிராக்டரிலேயே இருந்தது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் அடித்து அள்ளாவிட்டால், நனைந்த உளுந்து முளைவிட்டுப் பூசணம் பிடித்துவிடும். மூன்று மாத உழைப்பும் மாட்டுக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை சிவப்பு வண்டியில் வந்து இறங்கி, செகண்டுக் கணக்கு சொன்னது.

"ரெண்டு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி, மேடம்" என்றார் தினேஷ்.

"போதும். ஏத்தச் சொல்லுங்க."

அவருடைய விற்பனை அனுபவத்தில் இவ்வளவு சீக்கிரம் யாரும் திருப்தியடைந்தது கிடையாது. எதன் மேல் ஏற்ற வேண்டும் என்று புரிந்ததும் முகம் மாறிவிட்டது. இது டெமோ வண்டி என்றார். நாலு மணிக்கு அண்ணா நகரில் ஒரு டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்றார். இந்த மாதம் இன்னும் ஒரு புக்கிங் கூட ஆகவில்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். மாமியார் குடத்திலிருந்து ஒரு சொம்பு நீர்மோர் மொண்டு அவரிடம் நீட்டினார்.

"குடி நைனா. காலைல நாஷ்டா துன்னியா இல்லியா? மூஞ்சே வாடிக்கீது."

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எதிர்ப்பு தெரிவிக்கவும் இல்லை. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

நான் வண்டியில் ஏறினேன். பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கோடி முதல் மறு கோடி வரை போவேன், திரும்பி வருவேன். கவிதாவும் மாமியாரும் பின்னாலேயே செடியைப் புரட்டிப் போடுவார்கள். உண்மையைச் சொன்னால், வேலை பிரமாதமாக நடந்தது. டயர் அகலம். காய்கள் படபடவென்று வெடித்தன. ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. மாமியார் ஒரு கைப்பிடி அள்ளி ஊதிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அது முதல் தடவை. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை, அந்த வண்டி இன்று என் வாசலில் நின்றிருக்கும்.

பக்கத்து நிலத்துக்கார வேலு வந்து சேர்ந்தான். கவிதாவுக்குத் தம்பி முறை. நான் போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"இன்னா மாமா, இருநூறு குதிரன்னு அக்கா சொல்லிச்சி. நம்ம எருமை இத்தவிட வெரசா நடக்குமே" என்றான்.

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். ஆனால் கேட்டாகிவிட்டது. வரும் வழியில் தினேஷ் சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. ஸ்போர்ட் மோடு. இடது காலால் பிரேக்கை அழுத்தமாக மிதித்துக்கொண்டு வலது காலால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். பிறகு பிரேக்கை மட்டும் விட வேண்டும். "ஆனா காலியான ரோட்ல மட்டும் சார்" என்றும் சொல்லியிருந்தார். ரோட்டில் வேறு வண்டி எதுவும் இல்லை. ஆகவே காலி என்று எடுத்துக்கொண்டேன்.

பிரேக்கை விட்டேன்.

வண்டி நகரவில்லை. உளுந்து நகர்ந்தது. காய்ந்த செடியின் மேல் நின்ற சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்ற, அடியில் இருந்த அத்தனையும் பின்பக்கமாகக் கிளம்பியது. பூஜ்யத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை உளுந்து தொட்டது என்றே நினைக்கிறேன். எத்தனை செகண்டில் என்று யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஒரு பங்கு வேலுவின் வாய்க்குள் போனது. (சிரித்துக்கொண்டிருந்தான்.) பெரும்பங்கு ரோட்டோர வாய்க்காலில் விழுந்தது. பிறகு சக்கரத்துக்குத் தார் கிடைத்தது. வண்டி ஒரு தாவு தாவியது. நான் எதை மிதித்தேன் என்று தெரியாது, மிதித்தேன். ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. அடியிலிருந்து புகை வந்தது.

செடிகள் கயிறு மாதிரி அச்சில் சுற்றிக்கொண்டு தேய்ந்து கருகியிருக்கின்றன. எனக்கு அது அப்போது தெரியாது. மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராகப் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன், புகையைப் பார்த்ததும் சீட் பெல்டைக் கழற்றாமலேயே இறங்கப் பார்த்தேன். தினேஷ் ஓடி வந்தார். அவருக்கு முன்னால் மாமியார் வந்தார். இடுப்பில் மோர்க் குடம். குனிந்து, மிச்சமிருந்த மோர் முழுவதையும் வண்டிக்கு அடியில் வீசி அடித்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். தாளித்த மோர்க்குழம்பு வாசனை வந்தது. புகை அடங்கியது.

"ஏங்க," என்றாள் கவிதா, ரொம்ப அமைதியாக. "சாவிய அந்தத் தம்பிகிட்ட குடுத்துடுங்க."

சாவியைக் கொடுக்கும்போது முதல் தூறல் விழுந்தது.

அதற்கப்புறம் யாருக்கும் என்னைத் திட்ட நேரமில்லை. உதிர்ந்த உளுந்து அத்தனையும் ரோட்டில் கிடக்கிறது. மூட தார்ப்பாய் இல்லை. கொட்டகைக்குத் தூக்கிப் போக நேரமில்லை. மாமியார் முந்தானையை விரித்துக்கொண்டு குனிந்துவிட்டார். ஒன்றரை ஏக்கரை முந்தானையில் அள்ளப் பார்க்கிற அந்த அம்மாவைத் தினேஷ் ஒரு நிமிஷம் பார்த்தார். டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

"இதுல கொட்டுங்கம்மா."

"வோணாம் நைனா, உனுக்கு வேல பூடும்."

"மொதல்ல கொட்டுங்கம்மா, அப்பால பாக்கலாம்."

கூடையிலும் முறத்திலும் அள்ளி அள்ளிக் கொட்டினோம். பின்சீட்டை மடக்கினார். அது போதாமல் முன்சீட்டிலும் கொட்டினோம். கதவுகளைச் சாத்தியதும் மழை கொட்டியது. உளுந்து, லெதர் சீட்டில், நனையாமல் உட்கார்ந்திருந்தது. வண்டிக்குள் ஒரு ஆளுக்கும் இடமில்லாததால் நாங்கள் ஐந்து பேரும் வெளியே நின்று நனைந்தோம்.

மழை விட்டதும் உளுந்தைக் கொட்டகையில் இறக்கினோம். சாயங்காலம் வரை வண்டியைத் துடைத்தோம். வேலுதான் படுத்துக்கொண்டு அச்சில் சுற்றியதை அரிவாளால் அறுத்து எடுத்தான். தினேஷ் கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ஆபீஸ்லேந்து ஃபீட்பேக் கால் வரும் சார். எட்டு மார்க்குக்குக் கீழ போனா என்னைக் கூப்ட்டு வச்சிக் கேப்பாங்க. பார்த்துச் சொல்லுங்க." டாக்டருக்கு அவர் வண்டியை மறுநாள் காலையில் காட்டினார். ஏசி போட்டதும் டாக்டரின் மடியில் உளுந்து கொட்டியதாகவும், இந்த மோர் வாசனை ஸ்பெஷல் பெர்ஃப்யூமா என்று அவர் கேட்டதாகவும் போனில் சொன்னார். ஆச்சரியம், டாக்டர் வண்டியை புக் செய்துவிட்டாராம்.

அந்தப் போன் வந்தபோது நான் வாய்க்காலில் இருந்தேன். திங்கட்கிழமை லீவு போட்டிருந்தேன். தண்ணீர் வடிந்த சேற்றிலிருந்து உளுந்தை மணி மணியாகப் பொறுக்கி முறத்தில் போடும் வேலை எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. காலையில் முறம் மட்டும் என் செருப்பின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

பத்து மணிக்கு அடுத்த போன். கையெல்லாம் சேறு என்பதால் கரையில் இருந்த மாமியார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண், மிகவும் மரியாதையாக, டெஸ்ட் டிரைவ் அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள் என்று கேட்டாள்.

"வண்டியக் கொண்டாந்த புள்ளைக்குப் பத்து. பத்துக்கு மேல கீதா?"

"இல்லீங்கம்மா, பத்துதான்."

"அப்போ பத்து. வண்டிக்கு ஆறு போட்டுக்க."

"ஏன்மா ஆறு? எதாவது குறை இருந்துதா?"

மாமியார் என்னை ஒரு தரம் பார்த்தார். "கொறைன்னு இல்ல. மெதுவா போனா நல்ல வண்டிதான்."

அந்த வண்டியால் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். நான் எதையாவது அவசரப்பட்டு ஆரம்பித்தால் இன்றைக்கும் வீட்டில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். மச்சினி கல்யாணத்தில் புது மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்தியதே இப்படித்தான். அவர்கள் ஏதோ உடம்பு சரியில்லாதவன் என்று நினைத்து, எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கொடுக்கிற விலைக்கு இந்த வண்டி தகும் என்று நினைக்கிறீர்களா அம்மா என்றாள்.

"வெலய எங்க மாப்ள சொல்லவே இல்லியே. இன்னா வெல?"

நான் வாய்க்காலில் இருந்து இரண்டு கைகளையும் ஆட்டினேன். கவிதா வேறு பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் தெளிவாக, கனிவாக, "இருபத்தாறு லட்சம்மா, ஆன் ரோடு" என்றாள்.

மாமியார் போனை அணைத்துத் துடைத்து, கரையில் ஒரு கல்லின் மேல் பத்திரமாக வைத்தார். கீழே இறங்கி வந்து என் கையிலிருந்த முறத்தை வாங்கிக்கொண்டார். போதும் மேலே வாங்க என்று சொல்லப்போகிறார் என்று நினைத்து நானும் நிமிர்ந்தேன். அவர் கொட்டகைக்குப் போனார். உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற பெரிய அன்னக்கூடையைத் தூக்கி வந்து, என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.