யுகிமிச்சியின் முட்டி மார்ச்சுக்குள் குணமான வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் ஒரு குதிரையின் முட்டியை நிதியாண்டு முடிவதற்குள் குணமாக்கிக் காட்டிய பெருமை, ஹொக்கைடோவில் ஹிதாகா பக்கம் இருக்கும் குதிரை மூட்டு ஆய்வு நிலையத்துக்கே உரியது. நிலையத்தின் இயக்குநர் ஒனோதெரா இதைப் பல மேடைகளில் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார் என்றால் சந்தேகத்துக்கு இடம் ஏது?

நோயாளியின் பெயர் யுகிமிச்சி. பந்தயத்தில் ஓடி ஓடி, வலது முன்னங்கால் முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துபோன பெண்குதிரை. மருத்துவர் மமியா சிஸுரு அவளுடைய மார்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் பொத்திப் பொத்தி வளர்த்து, மூட்டுக்குள் ஊசியால் செலுத்தினார். அதில் ஒரு குறையும் இல்லை. புதுக் குருத்தெலும்பு வலுப்பட ஒரு வருஷமாவது ஓய்வு வேண்டும் என்று சொன்னாரே, அதுதான் வினை. நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. அமைச்சகத்தின் மானியமும் முடிகிறது. ஊரே கட்டுப்படும் தேதிக்குச் செல்கள் மட்டும் கட்டுப்பட மாட்டோம் என்றால் என்ன நியாயம்?

"மமியா, அந்தச் செல்லையெல்லாம் வளர்த்தது யாரு?" என்று கேட்டார் ஒனோதெரா.

"நாமதான் சார்."

"நம்ம வளர்ப்புன்னா மார்ச்சுக்குள்ள முடிக்கணும்னு அதுங்களுக்கே தோணியிருக்கணுமே."

ஆகவே ஓய்வு ரத்தாகி, 'சுறுசுறுப்பான ஓய்வு' என்னும் உயரிய முறை நடைமுறைக்கு வந்தது. அதாவது, குதிரை தினமும் காலையில் ஓடியது.

மார்ச் தொடக்கத்தில் அமைச்சகத்திலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். பனியில் கால் புதைய வரிசையாக நின்ற அவர்கள் முன்னால் யுகிமிச்சியை ஓட்டிக் காட்டினார்கள். ஓடியவள் அடிக்கு ஒரு தரம் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி நிமிர்ந்தாள். தலைமை அதிகாரி திகைத்தார். ஒருவர் குனிந்து வணங்கும்போது பதிலுக்குக் குனியாமல் நிற்பது எந்த ஊர் மரியாதை? அவர் குனிந்தார். அவரே குனிந்த பிறகு மற்றவர்கள் நிமிர்ந்து நிற்கலாமா? வரிசை மொத்தமும் குனிந்தது. குதிரை விடவில்லை, அவர்களும் விடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

"என்ன பணிவு, என்ன பணிவு," என்று தலைமை அதிகாரி கண் கலங்கினார். "என் மருமகன்கூட என்கிட்ட இப்படிக் குனிஞ்சதில்ல."

மமியா இயக்குநரை ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், அது வணக்கமில்ல, வலி. வலிக்கிற கால் தரையில படறப்பெல்லாம் தலையத் தூக்கிக்குது. சொந்தக்காரர் நினைக்கிற மாதிரி இந்த முட்டியோட ஜூன் பந்தயத்துல விட்டா கால் நொறுங்கிடும். அப்புறம் ஊசி போட்டுக் கொல்றதுதான்."

"தலை ஆடக்கூடாது, அவ்வளவுதானே? மாசக் கடைசிக்கு இன்னும் நாள் கிடக்கு," என்றார் ஒனோதெரா.

அந்த நாட்களிலும் யுகிமிச்சி ஓடினாள். வலது காலுக்கு வலிக்குமே என்று பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டு ஓடினாள். மார்ச் கடைசியில் நிறைவு விழா. அன்று அவள் தலை இம்மியும் அசையவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மமியா மட்டும் ஓடிப்போய் முட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் சோற்றுப்பானை மூடி போலச் சுட்டன. ஒரு கால் வலித்தால் தலை ஆடும். இரண்டும் ஒரே அளவு வலித்தால் எந்தக் காலுக்கென்று ஆடும்? பாவம், அவள் தலையை நிமிர்த்தியபடியே நின்றாள்.

"சார், இடது முட்டியும் போச்சு," என்றார் இயக்குநரிடம்.

"வலதைவிட மோசமா?"

"இல்ல. ரெண்டும் ஒண்ணுபோல."

"அப்ப சமநிலை வந்தாச்சு," என்றார் ஒனோதெரா. ஒலிபெருக்கியிலும் அதையே அறிவித்தார்.

முறைப்படி, சிகிச்சை அளித்த மருத்துவர்தான் நன்றியுரை சொல்ல வேண்டும். முன்வரிசையில் குதிரையின் சொந்தக்காரர் குரிஹாரா, டோஃபு தொழிற்சாலை முதலாளி, புதுக் கோட்டுக்குள் பூரித்து உட்கார்ந்திருந்தார். ஜூன் பந்தயத்துக்கு அன்று காலைதான் பெயர் கொடுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் மமியாவுக்கு எழுதி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"ஓய்வு வேண்டாம்னு முடிவெடுத்த இயக்குநருக்கு நன்றி," என்று தொடங்கினார். "மார்ச்சத் தாண்டக்கூடாதுன்னு சொன்ன அமைச்சகத்துக்கு நன்றி. இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டிருந்த எனக்கும் நன்றி. குரிஹாரா ஐயா, உங்க குதிரை இங்க வர்றப்ப ஒரு கால்தான் நொண்டி. நாங்க எல்லாரும் பாடுபட்டு ரெண்டாக்கிட்டோம்."

பழக்கதோஷத்தில் பின்வரிசை கைதட்டியது. குரிஹாரா எழுந்தார். நேரே போய்க் குதிரையின் கயிற்றை வாங்கிக்கொண்டு, மெல்ல வாசல் பக்கம் நடத்தினார். ஒனோதெரா பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"ஐயா, என்ன இது? பந்தயத்துக்குப் பேர் கொடுத்தாச்சே, யாரு ஓடறது?"

குரிஹாரா திரும்பி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீங்களே ஓடுங்க. உங்க முட்டி ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."